நானூறு குவளை மது, ஒரு வாளித் தண்ணீர்

லிகோட் கால் முறிந்து படுத்திருந்த கட்டிலிலிருந்து பதினோரு கட்டம் தள்ளி மதுக் கிடங்கு. பேரேட்டைத் திறந்து பார்த்தேன்: பானம் 412. காளான் மது, ஈச்ச மது, தேன் மது என்று வகை வகையாக இருக்கிறது. லிகோட்டின் பெயருக்கு மேலே தாகத்தின் குறி மின்னிக்கொண்டிருக்கிறது. மருத்துவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். காயம்பட்டவருக்குத் தண்ணீர்தான் தர வேண்டும், மது ஆகாது என்பது இந்த விளையாட்டின் விதி. வெளியே குளிர்காலம். ஆறு கல்லாக உறைந்து கிடக்கிறது.

இருபத்திரண்டு வருடங்களாகக் கிடங்குக் கணக்கு எழுதிப் பிழைப்பவன் நான். எது எவ்வளவு இருக்கிறது, எது எப்போது தீரும் என்பதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அப்படிப்பட்டவனின் கோட்டையில், மதுப் பீப்பாய்களுக்கு நடுவே ஒருத்தி தாகத்தில் சாகக் கிடந்தாள். ‘ட்வார்ஃப் ஃபோர்ட்ரெஸ்’ விளையாட்டைப் பற்றி எழுத உட்கார்ந்தால் வேறு எங்கிருந்தும் எனக்குத் தொடங்க வரவில்லை.

தெரியாதவர்களுக்கு மட்டும் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏழு குள்ளர்கள், ஒரு மாட்டு வண்டி, கொஞ்சம் உணவு, இரண்டு பிக்காசு. வசந்த காலத்தின் தொடக்கத்தில் ஒரு மலையடிவாரத்தில் இவர்களை இறக்கிவிடுகிறார்கள். மலையைக் குடைந்து உள்ளே ஒரு ஊரை உண்டாக்க வேண்டும். யாரையும் நேரடியாக நடக்க வைக்க முடியாது. ‘இங்கே தோண்டு, அங்கே மேசை வை, இந்த இடம் கிடங்கு’ என்று குறித்து வைக்கலாம். எந்தக் குள்ளருக்கு எப்போது மனம் வருகிறதோ, அவர் அப்போது வந்து செய்வார். நீங்கள் அரசனல்ல. சுவரில் அறிவிப்பு ஒட்டிவிட்டு யாராவது படிக்க மாட்டார்களா என்று காத்திருக்கும் அலுவலக மேலாளர்.

இதை உருவாக்கியவர்கள் டார்ன் ஆடம்ஸ், ஸாக் ஆடம்ஸ் என்ற சகோதரர்கள். டார்ன் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். 2002-இல் வேலையைத் தொடங்கி 2006 ஆகஸ்டில் முதல் பதிப்பை இலவசமாக வெளியிட்டார்கள். பிறகு பல வருடங்கள், ஆடுகிறவர்கள் அனுப்பும் நன்கொடைதான் வருமானம். 2012-இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் தன் சேகரிப்புக்குத் தேர்ந்தெடுத்த முதல் 14 வீடியோ விளையாட்டுகளில் இதுவும் ஒன்று. அந்தப் பெருமை மருத்துவச் செலவுக்கு உதவாது. குடும்பத்தின் உடல்நலக் கவலை ஏறியபோதுதான் படங்களும் இசையும் சேர்த்து விலைக்கு விற்பது என்று 2019-இல் அறிவித்தார்கள். அந்தப் பதிப்பு 2022 டிசம்பர் 6 அன்று ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் வந்தது. பழைய எழுத்துப் பதிப்பு இன்றும் இலவசமாகவே கிடைக்கிறது. இந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

அந்த எழுத்துப் பதிப்பில் நான் ஒருமுறை தலையை விட்டுப் பார்த்தேன். படம் என்று ஒன்றும் கிடையாது. ‘சி’ என்ற எழுத்து நகர்ந்தால் பூனை. ‘ஜி’ நகர்ந்தால் கோப்ளின், அதாவது எதிரி. குள்ளர் ஒரு சிரித்த முகம். செத்துக்கொண்டிருக்கும்போதும் சிரித்த முகம்தான். திரையில் இருப்பதைப் பார்ப்பதற்கு மட்டும் அப்போது நான்கு விசைகள்: கட்டடத்துக்கு க்யூ, அதில் உள்ள பொருளுக்கு டி, தரைக்கு கே, ஆளுக்கு வி. மூன்றாம் நாள் அழுத்த வேண்டிய விசையை விட்டு வேறொன்றை அழுத்தி, கட்டி முடித்த சாப்பாட்டு மேசைகளையெல்லாம் பிரிக்கச் சொல்லிவிட்டேன். பிரித்தார்கள். அன்றைக்குக் கணினியை மூடியவன் பல வருடங்கள் அந்தப் பக்கம் போகவில்லை.

படப் பதிப்பில் அந்த வேதனை பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. சுட்டியால் தொட்டால் விவரம் வருகிறது. குள்ளரின் தாடி நிறம்கூடத் தெரிகிறது. தொடக்கப் பாடம் ஒன்றும் வைத்திருக்கிறார்கள். பரவாயில்லாத இடமாகப் பார்த்து உங்களை இறக்கி, தோண்டவும் கிடங்கு போடவும் கற்றுத் தருகிறது. அதற்குமேல் சொல்லித்தருவது குறைவு. கிணற்றைப் பற்றி நான் ஆடியபோது ஒரு வார்த்தை இல்லை. இசை மென்மையானது; இரவில் ஆடுகிறவர்களுக்குத் தொந்தரவு செய்யாது.

என் தொழில்காரர்களுக்கு இது விருந்து. கோட்டையில் கணக்கர் என்று ஒரு பதவி இருக்கிறது. அதற்கு ஆள் நியமித்து, அவருக்கு மேசை நாற்காலியுடன் ஓர் அறை கொடுக்கும்வரை, சரக்குப் பட்டியலில் எந்த எண்ணும் உறுதியாக இராது, எல்லாம் குத்துமதிப்பு. அறை கிடைத்து அவர் உட்கார்ந்து எண்ணத் தொடங்கியதும் எண்கள் மெல்லத் துல்லியமாகின்றன. நான் டோமாஸ் என்பவனை நியமித்தேன். ஏழு பேரில் அவன் மட்டும்தான் வேலை ஏதுமில்லாமல் ஆற்றோரத்தில் நின்றுகொண்டிருந்தான். எங்கள் அலுவலகத்திலும் என்னை அப்படித்தான் பிடித்தார்கள்.

மேலாளர் பதவி இன்னும் சுவையானது. ‘மது நூறுக்குக் கீழே போனால் முப்பது முறை காய்ச்சு, ஆனால் காலிப் பீப்பாய் ஐந்துக்கு மேல் இருந்தால் மட்டும்’ என்று நிபந்தனையோடு ஆணை எழுதி வைக்கலாம். சரியாக எழுதிவிட்டால் ஊர் தானாக ஓடும். சாராய உற்பத்தி, துணி நெசவு, உலைக்கு விறகுக்கரி என்று இருபத்தேழு ஆணைகள் எழுதினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் எதிரியையே பார்க்காமல் ஆணைப் பட்டியலை மட்டும் திருத்திக்கொண்டிருந்தேன். வீட்டில், ‘விடுமுறையிலும் அதே வேலைதானா?’ என்று கேட்டார்கள். இதில் சரக்கு குறைந்தால் என் சம்பளத்தில் பிடிக்க மாட்டார்கள் என்றேன்.

ஆனால் கணக்கு சரியாக இருப்பது வேறு, அதை வைத்துப் பிழைப்பது வேறு. அதை இந்த விளையாட்டு திரும்பத் திரும்பக் காட்டிவிடுகிறது. வசந்தத்தில் எல்ஃபுகளின் வணிகக் குழு வந்தது. மரம் வெட்டுவதைப் பாவமாக நினைக்கும் காட்டுவாசிகள் அவர்கள். பட்டை தீட்டிய ரத்தினங்களை அள்ளிக் கொடுத்தேன். விலை கணக்கிட்டுப் பார்த்தால் அவர்களுக்குக் கொள்ளை லாபம். முகத்தைச் சுளித்துக்கொண்டு மூட்டை கட்டிவிட்டார்கள். ரத்தினங்களை வைத்துக் கொடுத்த பெட்டி மரப்பெட்டி. சரக்கைப் பார்த்தவன் பெட்டியைப் பார்க்கவில்லை.

ஊரில் ஐம்பது பேர் சேர்ந்ததும் ஒரு நகரத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அவருக்குப் பிடித்த பொருளை யாரும் வெளியே விற்கக் கூடாது என்று தடை போடுவார். எங்கள் தலைவிக்குத் தாயத்துகள் பிடிக்கும். அதே பருவத்தில் ஏற்றுமதிக்கென்று நான் எண்பது தாயத்துகள் செய்து வைத்திருந்தேன். இதற்குமேல் சொல்ல மனமில்லை.

இந்த மதிப்புரையின் நடுப்பகுதியை நான் குள்ளர்களின் மனப் பக்கத்துக்கு ஒதுக்குகிறேன். படங்களைப் பார்த்து வாங்குகிறவர்கள் இதைத் தவறவிட்டுவிடக் கூடாது. எந்தக் குள்ளரைத் தொட்டாலும் அவரைப் பற்றி ஒரு நீண்ட பத்தி விரியும். உடல்வாகு, சுபாவம், கும்பிடும் தெய்வம், நண்பர்கள், அண்மையில் அவரைத் தொட்ட நிகழ்ச்சிகள். மழையில் நனைந்தது எரிச்சல். நல்ல கதவு ஒன்றைப் பார்த்தது மகிழ்ச்சி. சாப்பிட மேசை கிடைக்காதது மனக்குறை. டோமாஸுக்குப் பூனைகளைப் பிடிக்கும், அதுவும் அவற்றின் அலட்சியத்துக்காகப் பிடிக்கும் என்று எழுதியிருந்தது. கீழே பார்த்தால், ஒரு பூனை அவனை உரிமையாளனாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தது. இங்கே பூனையை நீங்கள் வளர்ப்பதில்லை. பூனைதான் ஆளைப் பார்த்துச் சேர்கிறது. இதை எழுதியவர்கள் பூனையோடு பழகியவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

பூனை என்றதும் ஒரு பழைய கதை. 2015 இறுதியில் மதுக்கூடங்களைச் சேர்த்தபோது, ஊர் ஊராகப் பூனைகள் செத்து விழுந்தன. காரணம் தேடிய டார்ன் கண்டுபிடித்தது இது: குடிகாரர்கள் தரையில் மதுவைச் சிந்துகிறார்கள், பூனை அதில் நடக்கிறது, பாதத்தை நக்கிச் சுத்தம் செய்கிறது, அதன் உடலெடைக்குத் தாங்காத மது உள்ளே போகிறது. ஒருமுறை நக்கினால் ஒரு முழுக் குவளை என்று கணக்கு எழுதப்பட்டிருந்ததுதான் பிழை. யாரும் ‘பூனை போதையில் சாகட்டும்’ என்று எழுதவில்லை. சிந்துதல், ஒட்டுதல், நக்குதல், போதை என்ற நான்கு தனித்தனி விதிகள் கைகோத்துக்கொண்டன. இந்த விளையாட்டில் நடக்கும் நல்லதும் கெட்டதும் அநேகமாக இந்த வழியில்தான் நடக்கின்றன.

சில நேரம் ஒரு குள்ளருக்கு ஆவேசம் வந்துவிடும். வேலையைப் போட்டுவிட்டு ஒரு பட்டறையைக் கைப்பற்றி உட்கார்ந்துகொள்வார். சிலர் என்ன வேண்டும் என்று வாயால் சொல்ல மாட்டார்கள், படம் வரைவார்கள். மெங் என்ற தச்சி காட்டை வரைந்தாள், பிறகு எலும்புக்கூடுகளை வரைந்தாள். மரம் இருந்தது. எலும்பு இல்லை. கேட்டது கிடைக்காவிட்டால் பித்துப் பிடித்துவிடும். சிலர் சோகத்தில் ஒடுங்குவார்கள், சிலர் ஆயுதத்தைத் தூக்குவார்கள். இறைச்சிக்கென்று அல்லாமல் எலும்புக்கென்றே ஓர் ஆட்டை அறுக்கச் சொன்னேன். மெங் பதினெட்டு நாள் கழித்து வெளியே வந்து ஒரு கட்டிலைத் தூக்கிக் காட்டினாள். மரக்கட்டில், ஓரமெல்லாம் எலும்பு வளையங்கள். அதற்கொரு பெயரும் வைத்திருந்தாள். சரக்குப் பட்டியலில் அதன் மதிப்பு மற்ற எல்லாக் கட்டில்களின் மொத்தத்தைவிட அதிகம். அந்தக் கட்டிலைத்தான் மருத்துவமனையில் போட்டேன். லிகோட் படுத்திருந்தது அதில்தான்.

கோப்ளின் ஒருவனின் கதாயுதம் பட்டு அவள் கால் முறிந்தது குளிர்காலத்தின் நடுவில். அதுவரை ஆற்றிலிருந்து வாளியில் மொண்டு வந்தார்கள். ஆறு உறைந்ததும் அது நின்றுபோனது. கிணறு வெட்டுவது என்று முடிவு செய்தேன். மருத்துவமனைக்கு அடியிலேயே ஒரு தொட்டி; ஆற்றிலிருந்து தொட்டிக்கு ஒரு சுரங்கம்; நடுவில் ஒரு மதகு; மேலே மருத்துவமனைத் தரையில் ராட்டினமும் வாளியும். ஆறு உறைந்திருப்பதால் பனிக்கட்டியின் வயிறுவரை பயமில்லாமல் தோண்டலாம். பனி உருகியதும் தண்ணீர் தானாக வரும், தொட்டி நிறைந்ததும் நெம்புகோலை இழுத்து மதகை மூடிவிடலாம். காகிதத்தில் வரைந்து, அளவு எழுதி, அடிக்கோடிட்டேன். காகிதத்தில் ஒரு பிழையும் இல்லை.

இந்த விளையாட்டில் ஒரு கட்டத்தின் நீர் ஆழம் ஒன்றிலிருந்து ஏழுவரை. ஏழு என்றால் கூரைவரை தண்ணீர். நீருக்கு அழுத்தமும் உண்டு. உயரத்திலிருந்து இறங்கும் நீர், மறுபக்கம் வழி கிடைத்தால் ஏறக்குறைய அதே உயரத்துக்கு ஏறும். கிணறு அந்த வழி. என் ஆறு மருத்துவமனையைவிட மூன்று தளம் மேலே. சுரங்கத்தில் ஓரிடத்தில் மூலைவாட்டாகத் திருப்பம் வைத்திருந்தால் அழுத்தம் அங்கேயே செத்திருக்கும். அது எனக்குப் பின்னால்தான் தெரியவந்தது.

வசந்தம் பிறந்தது என்று ஓர் அறிவிப்பு வந்தது. அடுத்த நொடியே பனிக்கட்டி மொத்தமும் தண்ணீர். தொட்டி நிறைவதை ரசித்துப் பார்த்தேன். ஆறாம் அளவில் நெம்புகோலை இழுக்க ஆணை போட்டேன். அந்த வேலை டோமாஸுக்குப் போனது. டோமாஸ் மதுக்கூடத்திலிருந்து எழுந்தான், பாதி வழியில் பசி வந்தது, திரும்பிப் போய் ஒரு காளானை எடுத்தான், மேசை தேடினான், உட்கார்ந்து தின்றான். கிணற்று வாயிலிருந்து தண்ணீர் பொங்கி மருத்துவமனைத் தரையில் இரண்டு, மூன்று என்று ஏறிக்கொண்டிருந்தது. நான் திரையைப் பார்த்துக் கத்தினேன். நெம்புகோலை எங்கே வைத்திருந்தேன் தெரியுமா? ‘கிணற்றைப் பார்த்துக்கொண்டே இழுக்க வசதியாக இருக்கும்’ என்று மருத்துவமனைக்கு அடுத்த அறையில். டோமாஸ் தின்று முடித்து வந்தபோது அந்த அறையின் ஆழம் ஐந்து. அவனுக்கு நீந்தத் தெரியாது.

அப்போதும் ஊர் பிழைத்திருக்கலாம். ஆனால் டோமாஸ் போட்டிருந்த காலுறை ஒன்று படிக்கட்டில் மிதந்து வந்து ஒதுங்கியது. உரிமையாளர் இல்லாத துணி கிடங்குக்குப் போக வேண்டும் என்று என்றோ நான் விதித்திருந்தேன். ஒருவர் பின் ஒருவராக நான்கு பேர் அந்தக் காலுறையை எடுக்க வெள்ளத்தில் இறங்கினார்கள். கணக்கில் ஒரு காலுறைகூடக் குறையக் கூடாது என்று விதி எழுதியவன் நான்தான்.

லிகோட் அந்த அழகான கட்டிலிலேயே மூழ்கினாள். கடைசியாகப் பார்த்தபோது அவள் பெயருக்கு மேலே தாகத்தின் குறி இல்லை.

பழைய சேமிப்பைத் திறந்து அந்தப் பருவத்தை மீண்டும் ஆடியிருக்கலாம். தோற்பதே வேடிக்கை என்பது இந்த விளையாட்டைச் சுற்றியுள்ளவர்களின் பழமொழி. அதைத் தோற்றவனைத் தேற்றச் சொல்லும் பேச்சு என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் அன்றிரவு சேமிப்பைத் தொடத் தோன்றவில்லை. செத்தவர்களைப் புதைக்காவிட்டால் ஆவியாக வந்து அலைவார்கள். சவப்பெட்டி இருப்பு: பூஜ்யம். இருபத்தேழு ஆணைகளில் அது ஒன்றுக்கு நான் எழுதவில்லை. உடல்கள் தண்ணீருக்குள் இருந்ததால் பெயர் பொறித்த நினைவுக் கற்களைச் செய்து வரிசையாக நட்டேன். அதற்கே இரவு இரண்டு மணியானது.

இனி குறைகள். வெள்ளத்தை நான் குறையாக எழுதவில்லை. அது என் கைவேலை. படைப் பிரிவுக்கு உடை, ஆயுதம் ஒதுக்கும் பகுதி இன்னும் குழப்பம். கேடயம் கிடங்கில் கிடக்கும், வீரன் வெறுங்கையோடு வாசலில் நிற்பான், ஏன் என்று எங்கும் எழுதியிருக்காது. யார் எந்த வேலை செய்வது என்பதைப் புதிய பதிப்பு முதலில் எல்லோர் தலையிலும் பொதுவாகப் போட்டுவிடுகிறது. புதியவருக்கு அது நிம்மதி. எனக்கோ கொல்லன் மூட்டை தூக்குவதைப் பார்த்து ரத்தம் கொதித்தது. தனித்தனியாகப் பிரிக்கலாம், ஆனால் கைவலிக்கும் அளவுக்குச் சொடுக்க வேண்டும். மக்கள்தொகை நூற்றைம்பதைத் தாண்டியதும் என் கணினியில் ஆட்டம் நத்தையாகிவிட்டது. ஒவ்வொருவரின் பாதையையும் நினைவையும் கணக்கிடுவதற்கு அது தரும் விலை. எல்லாம் ஆங்கில எழுத்து என்பதால் நிறையப் படிக்கப் பொறுமை வேண்டும். தனி ஆளாக ஊர் சுற்றும் இன்னொரு முறையும் படப் பதிப்பில் இப்போது இருக்கிறது. இருபது நிமிடத்தில் ஒரு அன்னத்தால் கொல்லப்பட்டேன், அதைப் பற்றி மதிப்புரை எழுதும் தகுதி எனக்கு இல்லை.

யார் வாங்கலாம்? வேகமான சண்டையும் வெற்றிப் பலகையும் வேண்டுமென்றால் வேண்டாம். இதில் வெற்றி என்று ஒன்று கிடையாது. சந்தேகம் இருந்தால் இலவசப் பதிப்பை இறக்கிப் பார்க்கலாம், ஆனால் அதில் வெறுத்துப்போனால் படப் பதிப்பையும் வெறுத்துவிடாதீர்கள். நான் செய்த தவறு அது. பட்டியல் போடுவதில் சுகம் காண்கிறவர்களும், பக்கத்து வீட்டுக்காரரின் மனக்குறையைக் கேட்டுக்கொண்டே நிற்கக்கூடியவர்களும் தயங்காமல் வாங்கலாம்.

கோட்டையில் இப்போது அறுபத்திரண்டு பேர். பழைய மருத்துவமனையின் வாசலைச் சுவர் வைத்து அடைத்துவிட்டேன். போன வாரம் புதிய சாப்பாட்டுக் கூடத்தின் சுவர்களில் சிற்ப வேலை செய்யச் சொல்லியிருந்தேன். எதைச் செதுக்குவது என்பது சிற்பியின் விருப்பம். ஒரு சுவரில் காளான். ஒரு சுவரில் மலை. வடக்குச் சுவரில் டோமாஸ். அவன் சாவைக் குறிக்கும் படம் என்று கீழே விவரம் எழுதியிருந்தது. அவனுடைய பூனை அந்தச் சுவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தது. பூனைக்கு அது தெரியாது, நான்தான் நினைத்துக்கொள்கிறேன். புதிய கணக்கரை நியமித்துவிட்டேன். பானம் 388. தண்ணீர் என்ற வரியை இப்போது பட்டியலில் முதலில் பார்க்கிறேன். இரண்டாம் கிணற்றின் சுரங்கத்தில் மூன்று மூலைவாட்டுத் திருப்பங்கள் வைத்திருக்கிறேன், நெம்புகோல் மதுக்கூடத்தில் இருக்கிறது.